பழைய அலுவலகக் கட்டடத்தில் மின்செலவு குறைப்பு: ராத்திரி மீட்டர் முதல் தண்ணீர் பம்ப் வரை

கணக்குக்கு ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்வோம். மூன்று தளம், மொத்தம் 1,500 சதுர மீட்டர், கட்டி முப்பது வருஷம். 180 டியூப்லைட், 90 சீலிங் ஃபேன், 14 ஸ்பிளிட் ஏசி, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு 3 எச்.பி. பம்ப், மேலே வெறும் கான்கிரீட் மொட்டைமாடி. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஆள் புழக்கம். நூலகமோ பதிவு அலுவலகமோ கல்லூரி நிர்வாகப் பிரிவோ, எதுவானாலும் கிட்டத்தட்ட இந்தச் சாமான்கள்தான் இருக்கும். கீழே வரும் எண்கள் இந்த மாதிரிக் கட்டடத்துக்குப் போட்ட கணக்கு. வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறது. வரிசை மாறினால் எங்கே இடிக்கும் என்பதும் அங்கங்கே வரும்.

ராத்திரி மீட்டர்

விளக்கு எத்தனை, ஃபேன் எத்தனை என்று பட்டியல் எடுப்பதற்கு முன்னால், கட்டடத்தைப் பூட்டிய பிறகு மீட்டர் முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். 250 வேலை நாள், நாளுக்கு 9 மணி என்றால் அலுவலகம் ஓடுவது 2,250 மணி. மீதி 6,510 மணி நேரம் உள்ளே யாரும் இல்லை. அந்த நேரத்தில் ஓயாமல் ஓடும் ஒரு கிலோவாட், வருஷத்துக்கு 6,510 யூனிட் தின்னும். அலுவலக நேரத்தில் மட்டும் எரியும் ஒரு கிலோவாட் விளக்கோ 2,250 யூனிட்டைத் தாண்டாது.

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்: 1,600, 3,200 போன்ற எண். ஒரு சிமிட்டல் வரும்போது ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அந்தச் சிமிட்டலைச் சுழி என்று எண்ண வேண்டும். அதையே ஒன்று என்று எண்ணிவிட்டால், லோடு குறைந்த ராத்திரியில் பிழை பெரிதாகிவிடும். கணக்கு இப்படி:

வாட் = சிமிட்டல் × 36,00,000 ÷ (வினாடி × மீட்டரில் உள்ள எண்)

3,200 போட்ட மீட்டரில் 90 வினாடிக்கு 5 சிமிட்டல் வந்தால் 62.5 வாட். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு 62 வாட்தானா என்று சந்தோஷப்பட வேண்டாம். மீட்டர் சி.டி. (பெரிய மின்னோட்டத்தைச் சிறிதாக்கி மீட்டருக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக ஓடுகிறதா என்று பாருங்கள். சி.டி. 100/5 என்றால் 20 மடங்கு: 1,250 வாட். பூட்டிக் கிடக்கும் நேரத்துக்கு மட்டும் வருஷத்தில் 8,100 யூனிட்டுக்கு மேல் போகிறது. (சில மீட்டர்களில் சி.டி. விகிதத்தை உள்ளேயே பதிந்திருப்பார்கள். அங்கே மறுபடி பெருக்கினால் தப்பு. 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றைப் போட்டு, கணக்கில் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.)

அடுத்து டி.பி. என்ற மின் பகிர்வுப் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள எம்.சி.பி.களை (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக இறக்கி, சிமிட்டல் எப்போது தளர்கிறது என்று பார்ப்பது. இதற்கு முன் தீ எச்சரிக்கை மணி, சர்வர், லிஃப்ட், மருந்து வைத்த ஃபிரிட்ஜ் எல்லாம் எந்த எம்.சி.பி.யில் என்று தெரிந்திருக்க வேண்டும். டி.பி. கதவில் ஒட்டிய பெயர்ச்சீட்டை நம்பி இறங்கக் கூடாது. முப்பது வருஷத்தில் 'மாடி ஹால் ஃபேன்' என்ற சீட்டுக்குப் பின்னால் எத்தனை இணைப்பு ஏறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இறக்க முடியாத சர்க்யூட்டில் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியரைக் குறித்துக்கொண்டால் போதும்.

கையில் சிக்குபவை பெரும்பாலும் ஒரே கூட்டம்தான். வெந்நீர் வசதியுள்ள குடிநீர் இயந்திரம், மூன்றே கணினிக்காக ராப்பகலாக ஓடும் பெரிய யு.பி.எஸ். (லோடு இல்லாவிட்டாலும் அது தனக்கென்று சில நூறு வாட் எடுத்துக்கொள்ளும்), உறங்கப் பழக்காத ஜெராக்ஸ் இயந்திரம், கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேன், பகலிலும் எரியும் வெளிவிளக்கு. குடிநீர் இயந்திரத்துக்கும் ஜெராக்ஸுக்கும் டைமர் பிளக் போதும். ஆனால் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராக வாங்குங்கள். பல்சக்கர டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். மூன்று மணி நேர மின்தடைக்குப் பிறகு அது மூன்று மணி பின்தங்கி, ராத்திரி ஒன்பது வரை வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கும். வெளிவிளக்கின் ஒளி உணரியைத் தன் விளக்கின் வெளிச்சமே படாத இடத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் எரிந்ததும் விடிந்துவிட்டது என்று அணைத்து, அணைத்ததும் இருட்டிவிட்டது என்று எரிந்து, ராத்திரி முழுக்க ஆட்டம் காட்டும்.

இத்தனைக்கும் ஆகும் செலவு சில டைமர்களும் ஒரு எலெக்ட்ரீஷியனின் இரண்டு நாள் கூலியும்.

டியூப்லைட்

36 வாட் டியூப், காப்பர் சோக்குடன் சேர்ந்து ஏறத்தாழ 47 வாட் இழுக்கும். அதே நான்கடி எல்.இ.டி. டியூப் 18 வாட். 29 வாட் மிச்சம், 180-க்கு 5.2 கிலோவாட். இதை 2,250 மணியால் பெருக்கினால் 11,700 யூனிட். திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் இந்த எண்ணோடு நின்றுவிடும். ஸ்டோர் ரூம், கூட்ட அறை, ஜன்னலோர வரிசை எல்லாம் நாள் முழுக்க எரிவதில்லை என்பது அதில் வராது. ஒரு வாரம், காலை பதினொன்றுக்கும் மதியம் மூன்றுக்கும் தளம் தளமாக நடந்து, எரிபவற்றை எண்ணுங்கள். சராசரி 60 சதவீதம் என்றால் உண்மையான மிச்சம் 7,000 யூனிட். நாளுக்கு ஒரு மணி நேரம் எரியும் விளக்கை மாற்றப் பணம் செலவழிக்க வேண்டாம்; அது தானாகப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். எப்படியும் ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் எடுத்த முடிவின்படி, நீள ஃபுளோரசன்ட் டியூப்களின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027 முடிவோடு நிற்க வேண்டும்.

இனி வயரிங். சோக் உள்ள பழைய பட்டியில் (டியூப் மாட்டும் சட்டம்) எல்.இ.டி. டியூப் போட இரண்டு வழி. சோக்கை அப்படியே விட்டு, ஸ்டார்ட்டர் இடத்தில் டியூப்போடு வரும் டம்மி ஸ்டார்ட்டரைச் சொருகுவது ஒன்று. வேலை இரண்டு நிமிஷம்தான், ஆனால் சோக்கின் இழப்பு கொஞ்சம் தொடரும், பழைய சோக் எரிந்தால் மறுபடி ஏணி போட வேண்டும். சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி நேரடியாக வயர் கொடுப்பது மற்றது. 180 டியூப்புக்கும் ஏணி ஏறத்தான் போகிறோம் என்றால் இரண்டாவது வழியே சரி.

நேரடி இணைப்பில் கவனிக்க வேண்டியது டியூப்பின் வகை. ஒற்றை முனை டியூப்பில் பேஸும் நியூட்ரலும் ஒரே பக்க இரண்டு பின்னுக்கு வரும். இரட்டை முனையில் ஒரு பக்கம் பேஸ், மறுபக்கம் நியூட்ரல். வாங்கும்போதே கட்டடம் முழுக்க ஒரே வகையாக வாங்கிவிட வேண்டும். இரண்டும் கலந்து கிடந்தால் அடுத்த வருஷம் டியூப் மாற்றுபவர் மாட்டிக்கொள்வார். ஒற்றை முனை வகைக்கு ஹோல்டரையும் சோதிக்க வேண்டும்: டியூப்பைக் கழற்றிவிட்டு, வயரையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து ஹோல்டரின் இரண்டு ஓட்டையிலும் முனைகளை நுழையுங்கள். சத்தம் வரக் கூடாது. எலெக்ட்ரானிக் சோக் இருந்த சில பட்டிகளில் இரண்டு பின்னும் உள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அதில் ஒற்றை முனை வயரிங் கொடுத்து சுவிட்சைப் போட்டால் நேரடி ஷார்ட்தான்.

இரட்டை முனை வகையில் ஆபத்து வேறு: ஒரு முனையைச் சொருகியதும், கையில் இருக்கும் மறுமுனைப் பின்னில் பேஸ் வர வாய்ப்புண்டு. அதனால் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை செய்வது போதாது, எம்.சி.பி.யை இறக்குங்கள். இன்னொரு காரணமும் உண்டு. பழைய கட்டடங்களில் சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது சர்வசாதாரணம். சுவிட்ச் அணைந்திருக்கும், பட்டியில் பேஸ் நின்றுகொண்டிருக்கும். டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் எந்தப் பட்டியிலும் கை வைக்க வேண்டாம்.

இதே கோளாறுதான், அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுக்கும் புகாருக்கும் காரணம். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தாலோ, சுவிட்சில் சிறு நியான் விளக்கு இருந்தாலோ, நீளமான குழாயில் வயர்கள் ஒட்டி ஓடினாலோ கொஞ்சம் மின்சாரம் கசிந்து வரும். பழைய டியூப் அதைக் கண்டுகொள்ளாது, எல்.இ.டி.க்கு அதுவே போதும். டியூப்பை மாற்றிப் பயனில்லை. பேஸைச் சுவிட்சுக்குக் கொண்டுவர வேண்டும், நியானைக் கழற்ற வேண்டும்.

வேலை முடிந்த பட்டியில் 'நேரடி 230 வோல்ட், ஒற்றை முனை, சாதா டியூப் போடாதே' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். பட்டிக்குள் ஒரு சிறு உருளை கெபாசிட்டர் இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. ரொம்பப் பழைய பட்டி என்றால், 1980-க்கு முந்தைய கெபாசிட்டர்களில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். கசிந்து பிசுபிசுத்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. கழற்றிய டியூப்களில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் பழைய அட்டைப் பெட்டியிலேயே அடுக்கி, அபாயக் கழிவு எடுப்பவரிடம் சேர்க்க வேண்டும்.

ஒரு ஹாலில் நாற்பது எல்.இ.டி.யும் ஒரே எம்.சி.பி.யில் இருந்தால், மெயினைப் போடும் நொடியில் எல்லா டிரைவரும் (எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுக்கும் உள் சுற்று) ஒன்றாகக் கெபாசிட்டரை நிரப்பும். பி வகை (சிறு மின் எழுச்சிக்கே விழும்) எம்.சி.பி. ட்ரிப் ஆகிவிடும். ஓடும்போது ஆம்பியர் குறைவுதான், ஷார்ட்டும் கிடையாது, ஆனாலும் விழும். லோடை இரண்டாகப் பிரிப்பது அல்லது, கேபிள் தடிமனும் எர்த்தும் இடம் கொடுத்தால், கூடுதல் எழுச்சியைத் தாங்கும் சி வகைக்கு மாறுவது.

வெளிச்சம் போதுமா என்பதை மொத்த ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரே அறையில் பார்த்துவிடுங்கள். திரையை இழுத்து, மேஜை உயரத்தில், 75 சென்டிமீட்டரில், லக்ஸ் மீட்டரை வைத்து நான்கைந்து இடத்தில் அளக்க வேண்டும். எழுத்து வேலைக்கு 500 லக்ஸ், தாழ்வாரத்துக்கு 100 என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. இரட்டை டியூப் பட்டி உள்ள தாழ்வாரங்களில் பல நேரம் ஒற்றை டியூப்பே தாராளமாகப் போதும். இரண்டாவதை மாட்டாமல் விடுவதைப் போல மலிவான மிச்சம் வேறு இல்லை. மலிவு டிரைவரின் சிமிட்டலைக் கண்டுபிடிக்க, வெளிச்சத்துக்குக் கீழே ஒரு பென்சிலை வேகமாக விசிறுங்கள். பென்சில் ஒரே தீற்றலாகத் தெரியாமல் ஐந்தாறு பென்சிலாகத் துண்டு துண்டாகத் தெரிந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஃபேன்

சாதாரண 1,200 மி.மீ. ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் 30 வாட் அளவில். 90 ஃபேனுக்கு 4 கிலோவாட் மிச்சம். வெப்ப நாடுகளில் ஃபேன் ஓடும் மணி நேரம் விளக்கைவிடச் சீராக இருப்பதால், இந்தக் கணக்கு ஏமாற்றுவது குறைவு.

கோளாறு வருவது ரெகுலேட்டரில். பி.எல்.டி.சி. ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைத்தால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு திக்கித் திணறி, சில மாதங்களில் போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றி, இரண்டு வயரையும் நேராகச் சேர்த்து, அந்த ஓட்டையை மூடிப்போட்டு அடைத்துவிட வேண்டும். மாட்டியவர் இதைச் செய்யாமல் ரெகுலேட்டரை 'ஃபுல்லில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. ஃபுல்லில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது ரிமோட். எட்டு ஃபேன் உள்ள ஹாலில் ஒருவர் தன் ஃபேனைக் குறைக்க, எட்டும் குறையும். ஒரே மாதிரி ரிமோட் எல்லாவற்றோடும் பேசும். வாங்கும்போதே தனித்தனியாக இணைக்கக்கூடிய ரிமோட்டையோ, சுவரில் மாட்டும் அதற்கான பிரத்தியேக ரெகுலேட்டரையோ கேட்டு வாங்க வேண்டும். அலுவலகத்துக்கு இரண்டாவதே நல்லது. ரிமோட் இரண்டு வாரத்தில் எங்கேயோ போய்விடும். மின்னல், வோல்டேஜ் ஏற்றத்தில் போர்டு போகும் என்பதால், 90 ஃபேனுக்கு நான்கைந்து உபரி போர்டை ஃபேனோடு சேர்த்தே வாங்கிவையுங்கள். கொக்கியின் துரு, ஸ்பிளிட் பின், தரையிலிருந்து இறக்கை வரை 2.4 மீட்டர் இடைவெளி மூன்றையும் மாட்டும்போதே பார்த்துவிடலாம். டியூப் ஃபேனுக்கு மேலே இருந்தால் நிழல் வெட்டும். டியூப்பைக் கீழிறக்குவதோ நகர்த்துவதோ இப்போதே செய்ய வேண்டிய வேலை.

கெபாசிட்டர் பேங்க்: எல்லோரும் மறப்பது

பழைய டியூப் ஒவ்வொன்றும் 0.43 ஆம்பியர் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 99 வி.ஏ. (வோல்ட் × ஆம்பியர்); வேலை செய்வது 47 வாட். வேலை செய்யாமல் வந்து திரும்பும் ரியாக்டிவ் பங்கு (நேர்க் கழித்தல் அல்ல; 99-இன் வர்க்கத்திலிருந்து 47-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும்) ஏறத்தாழ 87 வி.ஏ.ஆர். 180 டியூப்புக்கு 15.7 கே.வி.ஏ.ஆர். இதை ஈடுகட்டத்தான் பேனல் ரூமில் யாரோ ஒரு காலத்தில் 15 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டரை நிரந்தரமாகப் போட்டுவைத்தார்கள். இப்போது சோக் எல்லாம் போய்விட்டது, கெபாசிட்டர் மட்டும் இருக்கிறது. பவர் ஃபேக்டர் (இழுக்கும் வி.ஏ.யில் வாட்டின் பங்கு) லீடிங் பக்கம், அதாவது கெபாசிட்டர் மிஞ்சிய பக்கம், சாயும், லேசான லோடில் வோல்டேஜ் ஏறும். மின்வாரியக் கட்டண முறை லீடிங்கையும் தண்டிப்பதாக இருந்தால், விளக்கை மாற்றி மிச்சம் பிடித்த பணம் அபராதமாகத் திரும்பிப் போகும். 'எல்.இ.டி. போட்ட பிறகு பில் ஏறிவிட்டது' என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஃபேனும் விளக்கும் முடிந்த மறுவாரமே பவர் அனலைசரைப் பொருத்தி, முழு வாரம் பதிவெடுங்கள். நிரந்தர கெபாசிட்டரைப் படிப்படியாகத் தானே சேர்ந்து விலகும் பேனலாக மாற்ற வேண்டியிருந்தால், அளவை அந்தப் பதிவிலிருந்துதான் எடுக்க வேண்டும். 30 கிலோவாட் லோடை 0.85-லிருந்து 0.98-க்குக் கொண்டுவர 12.5 கே.வி.ஏ.ஆர். போதும் (30 × (0.62 – 0.203); உள்ளே இருப்பவை அந்த இரண்டு பவர் ஃபேக்டர் கோணங்களின் டேன் மதிப்பு). எல்.இ.டி., யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் ஏசி பெருகிய கட்டடத்தில் ஹார்மானிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் உபரி அலைகள்) அதிகம். வெறும் கெபாசிட்டர் சூடேறி உப்பும். 7 சதவீத ரியாக்டரோடு வரும் வகையைப் போட்டால், 50 ஹெர்ட்ஸ் வரியில் அதன் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸில் நிற்கும். ஐந்தாம் ஹார்மானிக்கான 250-க்குக் கீழே இருப்பதால் தொந்தரவு இல்லை.

பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் சின்னப் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு கெபாசிட்டர்தான். வெறும் யூனிட்டுக்கு மட்டும் காசு கட்டும் இணைப்பில் அதனால் ஒரு பைசா குறையாது.

மொட்டைமாடி

150 மி.மீ. கான்கிரீட் தளத்தின் யு மதிப்பு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே கடக்கும் வெப்பம்) 3.4 வாட்/ச.மீ.–டிகிரி அளவில். மேலே 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (கெட்டி நுரை) வெப்பத்தடுப்புப் பலகை போட்டால் 0.5-க்கு இறங்கும். அதன் மேல் நீர்த்தடுப்பு, ஓடு என்று செலவும் ஏறும். வெள்ளைப் பூச்சு மலிவு. யு மதிப்பை மாற்றாது, வெயிலைத் திருப்பி அனுப்பும். நடுப்பகலில் பூசிய இடத்துக்கும் பூசாத இடத்துக்கும் மேற்பரப்பில் 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் கிடைக்கும். ஆனால் மூன்று தளக் கட்டடத்தில் இதன் பலன் மேல்தளத்துக்கு மட்டும்தான் என்பதைக் கணக்கில் மறந்துவிடக் கூடாது. கடுங்குளிர் உள்ள ஊர்களில் இந்தக் கணக்கே தலைகீழ்: அங்கே வெள்ளை மாடி வெப்பச் செலவைக் கூட்டும், வெப்பத்தடுப்புப் பலகையும் ஜன்னல் இடுக்கு அடைப்பும்தான் முதல் வேலை.

பூச்சு உரிந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பூச்சு அல்ல, தளம். பாசியைச் சுரண்டி, உயர் அழுத்த நீரில் கழுவி, விரிசலை அடைத்து, தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு வாட்டம் கொடுத்து, இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சதுர மீட்டர் பாலிதீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிறகு பிரைமர், ஒரு கோட் நெடுக்கில், மறு கோட் குறுக்கில். தூசு படிந்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் எதிரொளிப்பு 0.8-லிருந்து 0.6 பக்கம் வந்துவிடும். வருஷம் ஒருமுறை கழுவும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அளக்கும்போது ஒரு பொறி உண்டு. இன்ஃப்ராரெட் வெப்பமானி பளபளக்கும் தகரக் கூரையில் ரொம்பக் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது சூடேறிய பிறகு டேப்பின் மேல் அளக்க வேண்டும். கான்கிரீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் தளம் சூட்டைத் தாமதமாகத்தான் உள்ளே இறக்கும். உட்கூரையை மதியம் பன்னிரண்டுக்கு அளந்துவிட்டு 'வித்தியாசமே இல்லை' என்று சொல்லக் கூடாது. மாலை நான்கு, ஐந்து மணிக்கு அளக்க வேண்டும்.

சூரியத் தகடு போடும் எண்ணம் இருந்தால் நீர்த்தடுப்பும் பூச்சும் அதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். கால்கள் நிறுத்திய பிறகு கீழே ஒழுகினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். தகட்டின் அளவையும் லோடு குறைந்த பிறகு முடிவு செய்வதே சிக்கனம்.

ஏசி விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. மாடி, மேற்கு ஜன்னலுக்கு வெளிநிழல், கதவு இடுக்கு இவை முடியாமல் புது ஏசி வாங்கினால் தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவீர்கள். இருப்பதை வைத்து: ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது, வெளி யூனிட்டின் தகடுகளைக் குறைந்த அழுத்தத்தில் கழுவுவது. உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவது. வெளி யூனிட் நான்கைக் குறுகிய சந்தில் எதிரெதிரே மாட்டியிருந்தால் ஒன்று துப்பும் சூட்டை மற்றது குடிக்கும். அதை இடம் மாற்றும் செலவு சீக்கிரம் திரும்பி வரும்.

தண்ணீர் பம்ப்

பம்ப் தண்ணீர் ஏற்றும் வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அளப்பது எளிது. தொட்டி 2 மீ. × 2.5 மீ.; எடுக்கும் குழாய்களை மூடிவிட்டு 15 நிமிஷம் பம்ப்பை ஓட்டினால் மட்டம் 50 செ.மீ. ஏறுகிறது. அதாவது 2.5 கன மீட்டர். மணிக்கு 10 கன மீட்டர். டெலிவரி குழாயில் மாட்டிய கேஜ் 2.2 பார், ஏறத்தாழ 22 மீட்டர். கீழே உறிஞ்சும் ஆழம் 3 மீட்டர். மொத்தம் 25 மீட்டர். தண்ணீருக்குப் போய்ச் சேரும் திறன் = 9.81 × 10 × 25 ÷ 3.6 = 681 வாட். பவர் மீட்டரில் மோட்டார் இழுப்பது 2.4 கிலோவாட் என்றால், கொடுக்கும் மின்சாரத்தில் 28 சதவீதம்தான் தண்ணீரில் சேர்கிறது. இந்த அளவுக்குப் பொருத்தமான நல்ல பம்ப் செட் 50 சதவீதத்தை எட்டும், 1.4 கிலோவாட்டில் அதே வேலை. (வெறும் கிளாம்ப் மீட்டர் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கி வாட் என்று எழுதிவிடாதீர்கள், மோட்டாரில் பவர் ஃபேக்டர் தெரியாமல் அது வாட் ஆகாது.)

பம்ப்பை மாற்றுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். 25 மீட்டரில் நேர் உயரம் 18 என்றால், மீதி 7 மீட்டரை உராய்வு தின்கிறது. உள்ளே உப்புப் படிந்த 40 மி.மீ. குழாய்க்கு அது அதிசயமில்லை. 50 மி.மீ. ஆக்கினால் உராய்வு மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் குழாயை மட்டும் மாற்றி, பழைய பம்ப்பை அப்படியே விட்டால், தடை குறைந்ததும் அது அதிகத் தண்ணீரைத் தள்ளி, ஆம்பியர் ஏறி, ஓவர்லோடு ரிலே விழலாம். உடனே கேட் வால்வைப் பாதி மூடிச் சரிசெய்துவிடுவார்கள். மிச்சம் பிடித்த 5 மீட்டரும் வால்வில் போய்விடும். புது நிலைக்கு ஏற்ற பம்ப்பைத் தேர்ந்து, குழாயையும் அதையும் சேர்த்தே மாற்றுவது முறை.

வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் விற்பவர்கள் 'வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதி' என்பார்கள். 0.8-இன் கனம் 0.51 என்பது கணக்கில் சரிதான், ஆனால் அது உராய்வு மட்டுமே உள்ள சுற்றோட்டத்துக்கு. இங்கே 18 மீட்டர் தூக்கியே ஆக வேண்டும். வேகம் குறைந்தால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கி, ஒரு கட்டத்தில் தண்ணீர் மேலே போகாமல் பம்ப் வீணாகச் சுழன்று சூடேறும். மேல்நிலைத் தொட்டிக்கு டிரைவ் தேவையில்லை. மிதவை சுவிட்ச் போதும்.

மோஷன் சென்சார் கழிப்பறை, தாழ்வாரம், ஸ்டோர் ரூமுக்குப் பொருந்தும். பி.ஐ.ஆர். (உடல் சூட்டை உணரும்) வகை கண்ணாடிக்கு அப்பால் பார்க்காது. மைக்ரோவேவ் வகை மரத்தடுப்பைத் தாண்டித் தாழ்வாரத்தில் நடப்பவரையும் பார்த்து எரியும். உட்கார்ந்து எழுதும் இடத்தில் 15 நிமிஷத்துக்குக் குறைவாக வைத்தால், கையை ஆட்டிச் சலித்து, யாராவது அதன் மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். இருபது முப்பது எல்.இ.டி.யைச் சென்சாரின் சின்ன ரிலேயில் நேரடியாகத் தொங்கவிட்டால் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு விளக்கு அணையவே அணையாது. நடுவில் ஒரு காண்டாக்டர் (பெரிய லோடைத் தாங்கும் ரிலே) வைக்க வேண்டும்.

வாங்குவதும் சரிபார்ப்பதும்

பொதுக் கட்டடத்தில் குறைந்த விலைக்காரருக்கே வேலை போகும். அதனால் தேவையை எண்ணாக எழுதாவிட்டால் நஷ்டம். வாட்டை மட்டும் எழுதினால் 18 வாட் என்று அச்சடித்து 13 வாட் இழுக்கும் மங்கல் டியூப் வரும். மிச்சம் கூடிவிட்டதாக மீட்டர் சொல்லும், மேஜை இருட்டாக இருக்கும். லூமன் (வெளிச்ச அளவு), பவர் ஃபேக்டர் 0.9-க்குக் குறையாமை, சர்ஜ் (திடீர் வோல்டேஜ் எழுச்சி) தாங்குதிறன், மாற்றித் தரும் காலம் நான்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வந்த சரக்கில் ஏதாவது ஐந்து பெட்டியை நீங்களே எடுத்து அளந்துவிட்டுப் பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.

எளிய வேலைகளை மட்டும் தனியாக முடித்துவிட்டு 'இரண்டு வருஷத்தில் முதல் திரும்பிவிட்டது' என்று அறிக்கை எழுதுவது சுலபம். அப்புறம் மாடிக்கும் பம்ப்புக்கும் தனியாகப் பணம் கேட்டால், பத்து வருஷக் கணக்கைப் பார்த்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டைமர், விளக்கு, ஃபேன், மாடி, பம்ப் ஐந்தையும் ஒரே திட்டமாகக் கட்டி, மொத்தச் செலவை மொத்த மிச்சத்தால் வகுத்துக் காட்டுவதே கெட்டிக்காரத்தனம்.

மிச்சத்தைச் சரிபார்க்கப் போன வருஷ இதே மாதப் பில்லை மட்டும் வைத்தால் போதாது. வெயிலும் வேலை நாளும் மாறியிருக்கும். ஐ.பி.எம்.வி.பி. என்ற அளவீட்டு நெறியில் நான்கு வழி உண்டு. விளக்குக்கும் ஃபேனுக்கும் முதல் வழி போதும்: முன்னும் பின்னும் வாட்டை அளப்பது, மணி நேரத்தை எண்ணி எடுத்ததாக ஒப்புக்கொள்வது. முழுக் கட்டடத்துக்கும் பில்லை வைத்துப் பார்க்கும் வழியில், ஒரு வேலை நாளுக்கு எத்தனை யூனிட் என்று வகுத்து, வெப்பநிலைக்கு எதிரே புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

மீட்டர் ரூம் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டிவையுங்கள். ஐந்து கட்டம்: தேதி, திங்கள் காலை எட்டரை மணி மீட்டர் எண், வெள்ளி பூட்டும்போது இருந்த எண், இரண்டுக்கும் நடுவே போன யூனிட், பவர் ஃபேக்டர். வெள்ளி மாலை ஆறிலிருந்து திங்கள் எட்டரை வரை 62 மணி சொச்சம். ராத்திரி லோடு 1,250 வாட்டாக இருந்தபோது இந்தக் கட்டத்தில் 78 யூனிட் வந்திருக்கும். 400-க்கு இறக்கிய பிறகு 25. திடீரென்று ஒரு திங்கள் 50 காட்டினால் மறுபடி டி.பி.யைத் திறக்க வேண்டியதில்லை. முதலில் குடிநீர் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். டைமரைக் கழற்றி வைத்துவிட்டு யாரோ நேராகச் சொருகியிருப்பார்கள்.